எட்டுக் கேள்விக்குறிகள்

"தம்பி, 'இலக்கணம்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து?"

காலை 7.45 மணிக்கு வந்த அழைப்பு வணக்கம்கூட இல்லாமல் இப்படித்தான் தொடங்கியது. பேசியவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். கேட்ட கேள்விக்கு விடை வராமல் அடுத்த பேச்சுக்குப் போகமாட்டார் என்பது அவரிடம் பழகியவர்களுக்குத் தெரியும். படுத்தபடியே விரல்விட்டு எண்ணினேன்.

"ஆறு, ஐயா."

"ஆறுதானே? உங்கள் சர்வர் எட்டுக் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறது. ஆறெழுத்துச் சொல்லுக்கு எட்டு எதற்கு?"

ஏறத்தாழ 11,000 புத்தகங்களின் பெயரும் ஒரே காலையில் கேள்விக்குறியாகிப் போனது அவருக்கு இரண்டாவது வருத்தம்தான். கணக்கு ஒத்துவராததுதான் முதல் வருத்தம். எரிச்சலோடு எழுந்து உட்கார்ந்தேன். அந்த எட்டு எவ்வளவு பெரிய உதவி என்பது அரைமணி நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில், அறக்கட்டளை ஒன்று நடத்தும் படிப்பகம் அது. காலையில் நாளிதழ் படிக்க வரும் பெரியவர்கள், மாலையில் தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகள். நூல் பட்டியலுக்காக ஒரு வலைச் செயலியை நானே எழுதி, 2019 ஏப்ரலில் ஒரு சர்வரில் ஏற்றிக் கொடுத்திருந்தேன். இந்த அழைப்பு வந்தது அதே ஆண்டு நவம்பரில். இடைப்பட்ட ஏழு மாதத்தில் ஒரு புகார் வந்ததில்லை. நன்றாகத்தான் அமைத்திருக்கிறோம் என்று எனக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது, ஐயா?"

"ஏழு மணிக்குத் திறந்தேன். நன்றாக இருந்தது. ஒரு பையன் கணக்குப் புத்தகம் கேட்டான், தேடிக் கொடுத்தேன். ஏழரைக்குப் பிறகுதான் இப்படி."

"சரியாக ஏழரைக்கா?"

"ஏழரை என்றால் ஏழரைதான். நாளிதழ் போடுகிறவர் அப்போதுதான் வந்து போனார்." ஒரு நொடி நிறுத்திவிட்டு, தாமாகவே சிரித்தார். "ஏழரை பிடித்துவிட்டது போலிருக்கிறது."

சர்வர் என்றதும் குளிரூட்டிய அறையையும் மினுக்கும் விளக்குகளையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மாத வாடகைக்கு எடுத்த மெய்நிகர் கணினி அது: 1 ஜிபி நினைவகம், ஒற்றை பிராசஸர், 25 ஜிபி டிஸ்க். அதில் டெபியன் 9 என்ற லினக்ஸ் இயங்குதளம், தேவைக்கு மேல் ஒன்றும் இல்லாத மிகச் சுருக்கமான நிறுவல். செயலியின் மொழியான ஜாவா 8. தரவுகளை வைக்கப் போஸ்ட்கிரஸ். செயலியை ஓட்ட அப்பாச்சி டாம்கேட் 9. வாசலில் காவலுக்கு என்ஜின்எக்ஸ்.

டாம்கேட் என்றால் கடுவன் பூனை. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் உருவாக்கிய நிரல் இது. 1999ல் திறந்த மூல நிரல்களை வளர்க்கும் அப்பாச்சி அமைப்பிடம் வந்து சேர்ந்தது. திறந்த மூல நிரல்களைப் பற்றி ஓ'ரைலி வெளியிடும் புத்தகங்களின் அட்டையில் ஒரு விலங்கு இருக்கும். தன் நிரலுக்கும் அப்படியொரு புத்தகம் வரும் என்று எதிர்பார்த்த டேவிட்சன், தன்னைத் தானே பார்த்துக்கொள்ளக்கூடிய ஒரு விலங்கின் பெயரை வைக்க நினைத்தாராம். புத்தகம் 2003ல் வந்தது. ஆனால் அட்டையில் இருந்தது பனிச்சிறுத்தை. பெயர்க்கதை வேடிக்கையானது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டிய அந்தக் கடுவனை நான் ஏழு மாதம் மடிப்பூனையாக வளர்த்திருந்தேன். அதுதான் அன்று காலை பிடிபட்டது.

என்ஜின்எக்ஸ் வாசலில் நிற்பதற்குக் காரணம் எளிது. லினக்ஸில் 1024க்குக் கீழ் எண்ணுள்ள போர்ட்களை, அதாவது வலை வழியாக உள்ளே வரும் கதவுகளை, திறக்க ரூட் என்ற முழு நிர்வாகி அதிகாரம் வேண்டும். உலவி தேடி வருவதோ 80, 443 என்ற எண்களை. அதற்காக டாம்கேட்டையே ரூட்டாக ஓட்டுவது, திண்ணையில் உட்காருகிறவருக்கு இரும்புப்பெட்டிச் சாவியைக் கொடுப்பது போன்றது. எனவே என்ஜின்எக்ஸ் 443ல் வாங்கி, உள்ளே 8080ல் இருக்கும் டாம்கேட்டிடம் கொடுக்கும். இது ஊரெல்லாம் செய்வதுதான். இங்கே சிக்கல் ஒன்றும் இல்லை.

சிக்கல், எட்டில் இருந்தது.

'இலக்கணம்' என்பதைத் தமிழாசிரியர் இ, ல, க், க, ண, ம் என்று எண்ணுவார். ஆறு. கணினிக்காக எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் அப்படி எண்ணாது. அதற்குப் புள்ளி தனி உருப்படி. இ, ல, க, புள்ளி, க, ண, ம, புள்ளி என்று எட்டு. இதைக் கோப்பில் எழுதும்போது யூ.டி.எஃப்-8 என்ற குறியாக்க முறையில் தமிழின் ஒவ்வொரு உருப்படிக்கும் மூன்று பைட் ஆகும். எட்டை மூன்றால் பெருக்கினால் 24.

ஆக, ஒரே சொல்லுக்கு மூன்று எண்ணிக்கை: மனிதருக்கு 6, ஜாவாவுக்கு 8, டிஸ்க்குக்கு 24. சொல் எந்த இடத்தில் உடைந்தது என்பதைக் கேள்விக்குறிகளின் எண்ணிக்கையே காட்டிக்கொடுத்துவிடும். படிக்கும்போது உடைந்திருந்தால், பைட்டுக்கு ஒன்றாக 24 குப்பைகள் வந்திருக்க வேண்டும். எட்டுதான் வந்தது என்றால், ஜாவாவுக்குள் சொல் முழுசாக, நலமாக இருந்திருக்கிறது. வெளியே எழுதப் போகும்போதுதான் ஒவ்வோர் உருப்படியாகப் பார்த்து "இதை எழுத எனக்கு எழுத்து இல்லை" என்று கேள்விக்குறி போட்டுக்கொண்டே போயிருக்கிறது. தரவுத்தளத்துக்குச் சேதமில்லை. ஐயா எண்ணாமல் "நிறையக் கேள்விக்குறி வருகிறது" என்று மட்டும் சொல்லியிருந்தால், நான் தரவுத்தளத்தைக் குடைந்துகொண்டு அரைநாளைத் தொலைத்திருப்பேன்.

(247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் கொடுக்கும் டேஸ்16 என்ற குறியாக்கமும் தமிழுக்கு உண்டு. தமிழ்நாடு அரசு 2010ல் யூனிகோடோடு சேர்த்து அதையும் ஏற்றுக்கொண்டது. நடைமுறையில் அதைப் பார்ப்பது அரிது. உலகம் அந்த வழியில் போயிருந்தால், அன்று காலை ஆறே கேள்விக்குறிகள் வந்திருக்கும். ஐயாவும் ஒருவேளை அழைத்திருக்கமாட்டார்.)

வரவு எண் கொடுத்து ஒரு புத்தகத்தின் பக்கத்தை நேரடியாகத் திறக்கச் சொன்னேன். பெயர் அழகாக வந்தது. தேடல் பெட்டியில் மட்டுமே பழுது. அதற்குக் காரணம் உடனே நினைவுக்கு வந்தது: இரண்டெழுத்து அடித்ததும் பெயர்கள் கீழே வரிசையாக விழ வேண்டும் என்பதற்காக, எல்லாத் தலைப்புகளையும் ஒரே கோப்பில் எழுதிவைக்கும் வேலை ஒன்றை நாள்தோறும் அதிகாலை இரண்டு மணிக்கு ஓடும்படி வைத்திருந்தேன். அந்தக் கோப்பை எழுதும் வரியில் குறியாக்கம் எது என்று சொல்லவில்லை. சொல்லாவிட்டால் ஜாவா, "இந்த இயந்திரத்தின் வழக்கம் எதுவோ அது" என்று எடுத்துக்கொள்ளும். 2022ல் வந்த ஜாவா 18தான் இந்தப் பழக்கத்தை விட்டு, எங்கும் யூ.டி.எஃப்-8 என்று ஆக்கியது. அதற்கு முன் எழுதப்பட்ட எத்தனை செயலிகளில் இந்த ஒரு வரி உறங்கிக்கொண்டிருக்கிறதோ.

சரி, இரண்டு மணி வேலை ஏழரைக்கு ஏன் ஓடியது? உலகப் பொது நேரத்தில் இரண்டு மணி என்றால் நமக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டி, ஏழரை. அதாவது டாம்கேட், இந்தியாவில் இருப்பதையே மறந்திருந்தது. மொழியையும் மறந்து, ஊரையும் மறந்து எழுந்திருந்தது.

எழுந்தது எப்போது என்பதற்கு விடை என் மின்னஞ்சலில் இருந்தது. சர்வர் வாடகைக்கு விடும் நிறுவனம், பராமரிப்புக்காக முந்தின இரவு எல்லா இயந்திரங்களையும் அணைத்து எழுப்பப் போவதாக ஒரு வாரம் முன்பே எழுதியிருந்தது. படித்தேன், கவலைப்படவில்லை. இயந்திரம் எழும்போது நிரல்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டிக்கு, டாம்கேட் தானாக எழுவதற்கான கோப்பை ஏப்ரலிலேயே எழுதி வைத்திருந்தேனே. கோப்பு தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. டாம்கேட் எழுந்தது. வேறு ஆளாக எழுந்தது, அவ்வளவுதான்.

லினக்ஸில் ஓடும் எந்த நிரலும், தன்னைத் தொடங்கிவைத்தவரிடமிருந்து ஒரு சீதனத்தை வாங்கிக்கொண்டுதான் கிளம்பும். சூழல் மாறிகள் என்பார்கள்: மொழி என்ன, நேர மண்டலம் என்ன, நிரல்களை எந்தெந்த அடைவில் தேடுவது என்பன போன்ற சில வரிகள். ஓடும் நிரலின் சீதனப் பட்டியலை 'ப்ராக்' அடைவுக்குள் அதன் எண்ணுக்குரிய இடத்தில் பார்க்கலாம். தானாக எழுந்த டாம்கேட்டின் பட்டியலைத் திறந்தேன். நான்கைந்து வரிகள். மொழி பற்றி ஒரு சொல் இல்லை. ஜாவாவிடம் உன் குறியாக்கம் என்ன என்று கேட்டால் 'ஆன்சி எக்ஸ்3.4-1968' என்றது. 1968ன் ஆஸ்கி. மொத்தமே 128 இடங்கள், எல்லாம் ஆங்கிலத்துக்கு. (யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கியதும் 128 இடங்கள்தான். ஒற்றுமை அந்த எண்ணோடு சரி.)

பிறகு அதை நிறுத்திவிட்டு, ஏப்ரலில் செய்தது போலவே, வீட்டு மடிக்கணினியிலிருந்து, தொலைவிலிருந்தே உள்நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். வழியாக உள்ளே போய்க் கையால் தொடங்கினேன். பட்டியலை மறுபடி திறந்தேன். இருபதுக்கு மேல் வரிகள். மொழி: இந்திய ஆங்கிலம், யூ.டி.எஃப்-8. நேர மண்டலம்: கொல்கத்தா. ஜாவாவுக்கு 512 எம்பி நினைவகம். அதற்கும் கீழே, நான் எதிர்பார்க்காத ஒரு வரி: என் வீட்டு இணைய இணைப்பின் ஐ.பி. முகவரி.

அந்த வரியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். எஸ்.எஸ்.எச். வழியாக யார் எங்கிருந்து வந்தார்கள் என்பதை லினக்ஸ் அந்த அமர்வின் சூழலில் எழுதிவைக்கும். அந்த அமர்வில் தொடங்கிய டாம்கேட்டும் அதை எடுத்துக்கொண்டுவிடும். நான் வெளியேறிய பிறகும், வீட்டு ரூட்டர் பலமுறை அணைந்து வேறு முகவரி வாங்கிய பிறகும், ஏப்ரல் மாதத்து என் முகவரியை அந்தப் புராசஸ் ஏழு மாதம் மடியில் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது.

மொழி வந்ததும் அதே வழியில்தான். டெபியனும் உபுண்டுவும் எஸ்.எஸ்.எச்.சை நிறுவும்போதே, இந்தப் பக்கத்துக் கணினியின் மொழி அமைப்பை அந்தப் பக்கத்துக்கு அனுப்பும்படியும், அந்தப் பக்கம் அதை ஏற்கும்படியும் வைத்துவிடுகின்றன. முதல் நாள் எதை நிறுவினாலும், அனுப்பிய மொழி இங்கே இல்லை என்று ஓர் எச்சரிக்கை வந்து தொல்லை கொடுத்தது. அதன் வாயை அடைக்க, சர்வரில் இந்திய ஆங்கிலத்தை உருவாக்கி வைத்தேன். எச்சரிக்கை நின்றது, நானும் நகர்ந்துவிட்டேன். மொழி கையிருப்பில் இருந்தது. இயந்திரத்துக்கு அதுதான் உன் மொழி என்று யாரும் சொல்லவில்லை. நான் உள்ளே இருக்கும்போது மட்டும் அது பேசும்.

நேர மண்டலமும் 512 எம்பியும் இன்னும் மோசம். அவை இரண்டையும் என் உள்நுழைவுக் கோப்பில், என் வசதிக்காக, நானே எழுதியிருந்தேன். நான் உள்ளே வந்தால்தான் அந்தக் கோப்பு படிக்கப்படும். சிஸ்டம்டி அதைப் பார்க்காது; பார்க்கவும் கூடாது. 512 எம்பி சொல்லாமல் விட்டால் ஜாவா, இருக்கும் நினைவகத்தில் கால் பங்கைத் தனக்கு வரம்பாக வைத்துக்கொள்ளும். அந்தச் சிறிய இயந்திரத்தில் 256 எம்பி. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் அதுவும் ஒரு காலை அழைப்பாக வந்திருக்கும்.

சர்வர் அமைப்பது பற்றிய வழிகாட்டிகள் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. பெரும்பாலானவை, உலவியில் டாம்கேட்டின் பூனைப் படம் தெரிந்ததும் "வாழ்த்துகள்" என்று சொல்லி முடிந்துவிடும். அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பது சர்வர் மட்டுமல்ல, நீங்களும் சேர்ந்துதான். உங்கள் மொழி, உங்கள் நேரம், உங்கள் உள்நுழைவுக் கோப்பு, உங்கள் அதிகாரம், நேற்று நீங்கள் தட்டி இன்று மறந்துபோன ஒரு கட்டளை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அந்த வாழ்த்துக்குப் பிறகு வரும் வேலை, உங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுப்பது. அதை நான் ஏப்ரலில் செய்யவில்லை.

அன்றைக்குத் தேவையானதை அரைமணி நேரத்தில் முடித்துவிட்டேன்: கையால் தொடங்கிய டாம்கேட், கோப்பை மறுபடி எழுதியது, தலைப்புகள் திரும்பின. ஐயாவுக்கு மகிழ்ச்சி. எனக்கு இல்லை, மறுபடி மடியில்தானே தூக்கி வைத்திருக்கிறேன். அந்த வாரக் கடைசியை அதற்கென்று ஒதுக்கினேன்.

முதலில் மொழியும் நேரமும். செயலியின் வரியில் குறியாக்கத்தை வெளிப்படையாக எழுதினேன். அது என் கடன். அதோடு சிஸ்டம்டி கோப்பிலும் எழுதினேன், செயலிக்குள் வேறு எங்கே இதே தவறைச் செய்திருக்கிறேன் என்று எனக்கே உறுதியில்லை. நேர மண்டலத்தை ஜாவாவுக்கு மட்டும் கொல்கத்தா என்று சொல்லி, இயந்திரத்தை உலகப் பொது நேரத்திலேயே விட்டேன். இது ருசியைப் பொறுத்தது; நடந்ததைப் பதிவுசெய்யும் லாக் கோப்புகள் பொது நேரத்தில் இருப்பது எனக்குப் பிடிக்கும். நினைவக வரம்பு, டாம்கேட் தானே படிக்கும் அமைப்புக் கோப்புக்குப் போனது. என் உள்நுழைவுக் கோப்பிலிருந்து நேர மண்டலம், நினைவகம் இரண்டையும் அழித்தேன். அழிக்காமல் விட்டால் அடுத்த முறையும் என்னையே ஏமாற்றிக்கொள்வேன்.

பிறகு பெயர். சிஸ்டம்டி கோப்பில், யாராக ஓட வேண்டும் என்ற இடத்தில் என் பயனர் பெயரைப் போட்டிருந்தேன். டாம்கேட்டுக்கென்று உள்நுழைய முடியாத ஒரு தனிப் பயனரை உருவாக்கி, அடைவுகளை அதன் பெயருக்கு மாற்றினேன். பட்டா மாற்றம் போலத்தான்: எழுத வேண்டிய இரண்டு மூன்று அடைவுகளை மட்டும் அதன் பெயரில் கொடுத்து, மற்றவற்றைப் படிக்க மட்டும் விட்டேன். ஒன்றை விட்டுவிட்டதால் புத்தக அட்டைப் படங்களை ஏற்ற முடியாமல் போய், அதற்கு ஒரு மணி நேரம் ஆனது.

தளம் உண்மையானதுதான் என்று உலவிக்குக் காட்டும் சான்றிதழின் கதை இன்னும் நுட்பமானது. லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகக் கொடுக்கும் சான்றிதழுக்கு அப்போது ஆயுள் 90 நாள். நாள் நெருங்கும்போது தானாகப் புதுப்பிக்கும் நிரலை வைத்திருந்தேன். அது ஒழுங்காகவே ஓடியிருக்கிறது. ஆனால் என்ஜின்எக்ஸ், சான்றிதழைத் தொடங்கும்போது ஒருமுறை படித்து நினைவில் வைத்துக்கொள்ளும். டிஸ்க்கில் புதுச் சான்றிதழ் வந்து உட்கார்ந்தாலும், மறுபடி படி என்று யாராவது சொன்னால்தான் அதற்குத் தெரியும். நான் தேர்ந்தெடுத்த புதுப்பிக்கும் முறையில் அதைச் சொல்லும் வேலை சேர்ந்திருக்கவில்லை. அப்படியானால் ஏழு மாதம் எப்படித் தப்பித்தது? லாக்கைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஜூனிலும் செப்டம்பரிலும் வேறு ஏதோ சில்லறை மாற்றத்துக்காக நான் உள்ளே போய் என்ஜின்எக்ஸைத் தட்டி எழுப்பியிருக்கிறேன். இரண்டு முறையும் தற்செயலாக, புதுச் சான்றிதழ் வந்த சில நாட்களுக்குள். என் கை போய்ப் போய் வந்ததாலேயே அது பிழைத்திருக்கிறது. புதுப்பித்தவுடன் என்ஜின்எக்ஸுக்குச் சொல்லும் ஒரு வரியைச் சேர்த்தேன்.

லாக் கோப்பும் அதே சாதி. 'கேடலினா அவுட்' என்ற கோப்பில் டாம்கேட் எழுதிக்கொண்டே போகும், தானாக வெட்டாது. அவ்வப்போது நானே அழித்து வந்தேன், அதிலும் ஒரு வேடிக்கை. ஓடும் நிரல் பிடித்திருக்கும் கோப்பை அழித்தால் பெயர்தான் போகும், இடம் திரும்பாது. அடைவைக் கூட்டிப் பார்த்தால் 3 ஜிபி, டிஸ்க்கைக் கேட்டால் 9 ஜிபி போய்விட்டது என்று இரண்டும் இரண்டு கணக்குச் சொல்லும். நிரலை நிறுத்தினால்தான் இடம் மீளும். அதை வெட்டிச் சுருட்டும் வேலையை லாக்ரொடேட்டிடம் ஒப்படைத்தேன்.

போர்ட்களைப் பற்றி ஒரு சொல். டாம்கேட்டின் சர்வர் அமைப்புக் கோப்பில் 8080 தவிர 8005, 8009 என்று இன்னும் இரண்டு திறந்திருந்தன. 8005ல் சேர்ந்து 'ஷட்டவுன்' என்ற ஒரே சொல்லைத் தட்டினால் டாம்கேட் அணைந்துவிடும், கடவுச்சொல் கிடையாது. வெளியிலிருந்து சேர முடியாது, அதே இயந்திரத்திலிருந்து மட்டுமே முடியும் என்பது ஆறுதல். ஆனாலும் சிஸ்டம்டி இருக்கும்போது அந்தக் கதவு எதற்கு? மூடினேன். 8009, ஏ.ஜே.பி. என்ற பழைய நெறிமுறைக்கு. நான் பயன்படுத்தவே இல்லை; ஏன் திறந்திருக்கிறது என்றும் தெரியவில்லை. அந்த வரியையும் நீக்கினேன். மூன்று மாதம் கழித்து, 2020 பிப்ரவரியில், அந்தக் கதவு வழியாகவே செயலியின் உள்கோப்புகளைப் படித்துவிடலாம் என்ற ஓட்டை வெளியானது. கோஸ்ட்கேட் என்று பெயர் வைத்தார்கள், பேய்ப்பூனை. 9.0.31 பதிப்பிலிருந்து டாம்கேட் அதை இயல்பாகவே மூடிவைக்கிறது. நான் முன்யோசனைக்காரன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில், சுத்தம் செய்யும் கையோடு தேவையில்லாததையும் தூக்கிப் போட்டேன், அவ்வளவுதான்.

இதையெல்லாம் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "த்ரெட் எண்ணிக்கையை எவ்வளவு வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார். ஒரே நேரத்தில் வரும் வேண்டுகோள்களை ஆளுக்கொன்றாகக் கவனிக்கும் இழைகள் அவை; டாம்கேட் இயல்பாக 200 வரை வைத்துக்கொள்ளும். படிப்பகத்தில் ஒரே நேரத்தில் தேடுகிறவர்கள் மூன்று பேர் இருந்தால் அது கூட்டம். தொடாமல் விட்டிருக்கிறேன். இந்த எண்களை ஏற்றி இறக்குவதில் ஒரு சுகம் இருக்கிறது. பெரிய வேலை செய்வது போலத் தோன்றும். செய்ய வேண்டிய வேலை பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும்.

ஞாயிறு மாலை, படிப்பகம் மூடும் நேரத்தில் ஐயாவை அழைத்தேன்.

"ஐயா, சர்வரை அணைத்து எழுப்பப் போகிறேன். நான் உள்ளே போகமாட்டேன். என்ன தெரிகிறது என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்."

எஸ்.எஸ்.எச். சாளரத்தை மூடிவிட்டு, வாடகை நிறுவனத்தின் பக்கத்துக்குப் போய் மறுதொடக்கப் பொத்தானை அழுத்தினேன்.

"ஐந்நூற்று இரண்டு என்று வருகிறது, தம்பி."

"வாசலில் ஆள் இருக்கிறார், உள்ளே இன்னும் யாரும் எழவில்லை என்று அர்த்தம். பொறுங்கள்."

ஒரு நிமிடம். இரண்டு. நான்கு நிமிடம் கழித்துத்தான் பட்டியல் வந்தது. ஏப்ரலில் சில நொடிகளில் எழுந்த டாம்கேட் இது. லாக்கைப் பார்த்ததும் தெரிந்தது: வருகிறவர்களுக்கு அமர்வு எண் கொடுப்பதற்கு யாரும் ஊகிக்க முடியாத தற்செயல் எண்கள் வேண்டும், அந்த விதை கிடைக்காமல் காத்திருந்திருக்கிறது. விசைப்பலகைத் தட்டல், மவுஸ் அசைவு, டிஸ்க்கின் தாமதம் போன்ற முன்கூட்டிச் சொல்ல முடியாத அசைவுகளிலிருந்து லினக்ஸ் அந்த விதையைச் சேர்க்கும். அப்போதுதான் எழுந்த, விசைப்பலகையே இல்லாத ஒரு மெய்நிகர் கணினியில் அப்படி என்ன அசைவு இருக்கப்போகிறது? 2020ல் வந்த லினக்ஸ் 5.6 இந்தக் காத்திருப்பை ஏறக்குறைய ஒழித்துவிட்டது. எங்களுடையது அதற்கு முந்தையது. ஏப்ரலில் ஏன் தெரியவில்லை என்றால், நான் அரைநாள் உள்ளே தட்டிக்கொண்டிருந்த பிறகுதான் டாம்கேட்டைத் தொடங்கினேன். அதற்குள் விதை நிறையச் சேர்ந்திருக்கும்.

காத்திருக்காத இன்னொரு மூலத்தைக் காட்டினால் போதும். அந்த மூலம் இருக்கும் கோப்புப் பாதையின் நடுவில், 'டெவ்' என்பதற்கும் 'யுரேண்டம்' என்பதற்கும் இடையில், தனியாக ஒரு புள்ளி போட்டு எழுத வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஜாவா 8க்கு முந்தைய பதிப்புகளில் புள்ளி இல்லாமல் எழுதினால், சொன்னதை விட்டுவிட்டுப் பழைய மூலத்துக்கே போய்விடும் ஒரு பிழை இருந்தது. பிழை போன பிறகும் புள்ளி போகவில்லை. நானும் போட்டேன். இந்த வாரம் முழுக்கப் புள்ளி வாரம்.

இரண்டாம் முறை. டாம்கேட் பதினைந்து நொடியில் எழுந்துவிட்டது.

"ஐந்நூற்று இரண்டு போய் நானூற்று நான்கு வந்திருக்கிறது. இது முன்னேற்றமா?"

இல்லை. டாம்கேட் இப்போது போஸ்ட்கிரஸை முந்திக்கொண்டது. செயலி எழும்போதே தரவுத்தளத்தைத் தேடும்; கதவு திறக்கவில்லை என்று கண்டதும் படுத்துவிடும். முதல் முறை நான்கு நிமிடம் தாமதித்ததால் போஸ்ட்கிரஸ் நிதானமாக எழுந்து தயாராக இருந்திருக்கிறது. ஒரு பழுது இன்னொரு பழுதை மூடி வைத்திருந்தது. ஏப்ரலில் கையால் தொடங்கும்போது போஸ்ட்கிரஸ் எப்போதோ ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பின் எழு என்று சிஸ்டம்டி கோப்பில் ஒரு வரி சேர்த்தேன். முதல் முயற்சியில் கதவு திறக்காவிட்டால் சிறிது பொறுத்து மறுபடி தட்டும்படி செயலியையும் திருத்தி ஏற்றினேன். அதற்குள் மணி எட்டரை. அவர் படிப்பகத்தைப் பூட்டவில்லை. மறுமுனையில் மின்விசிறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாம் முறை பொத்தானை அழுத்தினேன். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஐந்நூற்று இரண்டு," என்றார். சற்று நேரம் பேச்சில்லை. "வந்துவிட்டது. பட்டியல் வந்துவிட்டது."

"தேடலுக்கான கோப்பு இரவு இரண்டு மணிக்குத்தான் எழுதப்படும், ஐயா. உங்கள் பக்கத்தில் 'பட்டியலைப் புதுப்பி' என்று ஒரு பொத்தான் புதிதாக வைத்திருக்கிறேன். அதை அழுத்திவிட்டுத் தேடுங்கள்."

ஒவ்வொரு விசையாகத் தேடித்தேடி அவர் தட்டுவது கேட்டது. பிறகு, வகுப்பில் படிப்பது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"இ. ல. க். க. ண. ம். ஆறு."

"நன்றி, ஐயா. பூட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கள், நேரமாகிவிட்டது."

"இருங்கள், தம்பி. இன்னொரு முறை அணையுங்கள். 'தொல்லியல்' தேடிப் பார்க்கிறேன். அது ஐந்து. உங்கள் கணக்கில் எவ்வளவு?"

எண்ணிப் பார்த்தேன். "ஒன்பது."

"சரி, அணையுங்கள்."

அணைத்தேன்.